வார்டு அலமாரியில் முடங்கும் ஸ்டாக்

மருத்துவமனையில் மருந்து, பொருட்களின் இருப்புக் கணக்கைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்கள் நேராக மெயின் ஸ்டோருக்குப் போவார்கள். நாங்கள் வார்டிலிருந்து தொடங்கினோம். இன்டென்ட் (ஸ்டோருக்கு எழுதும் தேவைச் சீட்டு) போட்டு வாங்கியதுமே கம்ப்யூட்டரில் அந்தப் பொருள் 'செலவு' ஆகிவிடுகிறது. ஆனால் பெட்டி பிரிக்கப்படாமல் வார்டு அலமாரியில்தான் இருக்கும். ராத்திரி கிடைக்காமல் போனால் திட்டு வாங்குவது சிஸ்டர்கள்தானே, கூடுதலாக எழுதத்தான் செய்வார்கள்.

அதனால் ஒவ்வொரு வார்டுக்கும் இரண்டு நாள் தேவையை உச்ச அளவாக வைத்து, அதை அலமாரிக் கதவிலேயே ஒட்டினோம். தினமும் காலையில் ஸ்டோர் ஆளே வந்து குறைந்ததை மட்டும் நிரப்புவார். இதில் 'கேனுலா' (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) என்று ஒரே வரியில் எழுதக்கூடாது. அளவுக்கு ஒரு நிறம்: பச்சை 18, ரோஸ் 20, நீலம் 22, மஞ்சள் 24 எல்லாம் தனித்தனி வரி. குழந்தைகள் வார்டில் மெல்லிய மஞ்சள் தீர்ந்து, தடித்த பச்சை தூசி படிந்து கிடப்பது ஒரே வரியில் எழுதுவதால்தான்.

ஸ்டோரில் மறு ஆர்டர் அளவுக்குக் கணக்கு எளிது. நார்மல் சலைன் ஒரு நாளைக்கு 40 பாட்டில், சப்ளை வர 7 நாள், கையிருப்புக்கு 3 நாள் என்றால், இருப்பு 400-ஐத் தொட்டதும் ஆர்டர் போக வேண்டும். விலையை மட்டும் பார்த்துக் கவனத்தைப் பங்கிடக்கூடாது. உயிர் காக்கும் அவசர ஊசி மருந்தான அட்ரினலின் ஆம்பூல் மலிவுதான், ஆனால் ஒரு நிமிடம்கூட இல்லாமல் இருக்கக்கூடாது.

கணக்கு உதைப்பது பெரும்பாலும் யூனிட்டில். பரிசோதனைக் கையுறைப் பெட்டியில் 100 இருக்கும், அதாவது 50 ஜோடி. வார்டு ஜோடியில் கேட்கும், ஸ்டோர் பெட்டியில் கொடுக்கும், பில் எண்ணிக்கையில் வரும். மூன்றுக்கும் ஒரே யூனிட்டைச் சாஃப்ட்வேரில் பூட்டிவிடுங்கள்.

புதுச் சரக்கு பின்னால், முதலில் எக்ஸ்பைரி ஆவது முன்னால். கடைசியாக வந்த லோடுதான் கடைசியில் காலாவதியாகும் என்று நம்பாதீர்கள். பேட்சை (தயாரிப்புத் தொகுதி எண், அதன் காலாவதித் தேதி) பார்த்துதான் அடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் காலாவதியாகும் பட்டியலை மாதம் 1-ஆம் தேதி எடுத்து, அதிகம் ஓடும் வார்டுக்குத் தள்ளுங்கள், அல்லது டிஸ்ட்ரிபியூட்டரிடம் திருப்பிக் கொடுத்து, அந்தத் தொகையை நம் கணக்கில் வரவு வைக்கும் கிரெடிட் நோட் கேளுங்கள். காலாவதியான பிறகு கேட்டால் பேச்சு எடுபடாது.

இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், ஃப்ரீசர் தட்டை ஒட்டி வைக்கவே கூடாது. உறைந்துவிட்டால் இளகிய பிறகு பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

வருடக் கடைசி ஸ்டாக் எடுப்புக்குக் காத்திராமல் தினமும் பத்துப் பொருளைப் பேட்சோடு எண்ணினால், ஆபரேஷன் தியேட்டர் இரவில் எழுதாமல் எடுத்துப் போனது சீக்கிரமே தெரிந்துவிடும்.