எல்லாமே ‘கராப்’ இல்லை

மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று மும்பையில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் ஒரே சொல் பத்துச் சொற்களின் வேலையைப் பார்க்கிறது. பால் திரிந்தால் ‘கராப் ஆயிடுச்சு’. சாம்பார் ஊசினாலும் கராப், ஜன்னல் கிரில் துருப்பிடித்தாலும் கராப். ‘கெட்டுப்போனது’ என்று சொல்ல இந்தி தந்த வசதி. ஆனால் எது, எதனால், எப்படிக் கெட்டது என்பது அந்தச் சொல்லில் கிடையாது. அது தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

துரு இரும்புக்கு மட்டும்தான். அது பிடிக்கும், ஏறும். இந்தியில் ஜங்க், மராத்தியில் கஞ்ச். இரும்போடு நீரும் ஆக்சிஜனும் சேர்ந்தால்தான் வரும். கடல்காற்றின் உப்பு அதை வேகப்படுத்தும். அலுமினியத்தின் ஆக்சைடு தோல்போல ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காப்பாற்றும். துருவோ பொருபொருவென்று உதிர்ந்து அடுத்த அடுக்கைத் திறந்துவிடும். இப்படியே தின்று தின்று கம்பி மெலிந்து, கையால் அழுத்தினாலே ஒடிகிற நிலைக்கு வந்தால் அது துருப்பிடித்த கம்பி அல்ல, இற்றுப்போன கம்பி. துருப்பிடித்ததைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கலாம். இற்றுப்போனதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக வெல்டிங் வைப்பதைத் தவிர வழியில்லை. கிரில்லில் முதலில் இற்றுப்போவது தண்ணீர் தேங்கும் அடிச்சட்டமும் வெல்டிங் மூட்டுகளும். ஸ்க்ரூடிரைவர் நுனியால் குத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிரில் வேலையை மழைக்காலத்தில் தொடவே வேண்டாம். டிசம்பர் முதல் பிப்ரவரிக்குள் முடித்துவிடுங்கள். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துணியால் துடைத்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் அடிக்க வேண்டும். ஒரு ராத்திரி விட்டால் மெல்லிய துரு திரும்பிவிடும். பிரைமர் காய்ந்தபின் எனாமல் இரண்டு கோட். பிரைமரோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். அது ஈரத்தை உள்ளே விடும், ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. ஒரு வேடிக்கை: அந்தப் பிரைமரின் செந்நிறமே இரும்பு ஆக்சைடுதான். துருவின் சொந்தக்காரனை வைத்தே துருவைத் தடுக்கிறோம். காவிக்கல்லின் நிறமும் அதே குடும்பம்.

கத்தி, அரிவாள்மனை, திருகாணி போன்ற சின்னச் சாமான்களுக்குச் சிட்ரிக் அமிலம் போதும். இங்கே மளிகைக் கடையில் ‘நிம்பூ கா ஃபூல்’ என்று கேட்டால் தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம். நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, தேய்த்து, சோடா உப்புத் தண்ணீரில் அலசி, உடனே துடைத்து எண்ணெய் தடவுங்கள். ‘அப்புறம் துடைக்கலாம்’ என்று வைத்தால் ஜூலை ஈரத்தில் அரை மணியில் மஞ்சள் படரும். துத்தநாகம் பூசிய தகட்டை இதில் போடாதீர்கள், பூச்சே கரைந்துவிடும். துணியில் துருக்கறை பட்டால் எலுமிச்சையும் உப்பும் தடவி வெயிலில் போடுங்கள். குளோரின் பிளீச் போட்டால் கறை இன்னும் அழுந்திப் பிடிக்கும்.

செம்புக்கும் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் வருவது களிம்பு. ‘பித்தளைக் குடம் துருப்பிடித்துவிட்டது’ என்று எழுதியிருப்பதைப் படித்தால் காது கூசுகிறது. காற்றின் ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்து உண்டாக்கும் பச்சை அது. புளி போட்டுத் துலக்கினால் போகும், சில நாளில் மறுபடி மங்கும். உயிரைப் பற்றியிருக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பில் களிம்பை உவமை சொல்வதன் காரணம், பாத்திரம் துலக்கியவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

துலக்குகிற அதே புளி, சமையலில் செம்பைக் கரைத்துக் குழம்பில் இறக்கும். பித்தளைப் பாத்திரத்தில் வைத்துக் கெட்ட மோருக்கு மராத்தியில் ‘களக்ணே’ என்று தனி வினையே உண்டு. அதனால்தான் ஈயம் பூசுவது. பாத்திரத்தைச் சுத்தமாகத் தேய்த்து, நெருப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடி தூவி, ஈயக் குச்சியைத் தொட்டு, பஞ்சால் ஒரே இழுப்பாகப் பரப்புவார்கள். போடுவது வெள்ளீயமாக இருக்க வேண்டும். காரீயம் கலந்தால் நஞ்சு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகும். ஆகவே பூசிய பாத்திரத்தையோ ரச ஈயச்சொம்பையோ வெறுமையாக அடுப்பில் வைக்கக் கூடாது.

மரத்துக்கு மூன்று சொல். மாவுபோலப் பொடி கொட்டி, குண்டூசித் தலையளவு ஓட்டைகள் தெரிந்தால் உளுத்துவிட்டது, வண்டின் வேலை. மண் வரி ஏறியிருந்தால் செல்லரித்தது. இரண்டும் இல்லாமல் நனைந்து நனைந்து மெத்தென்று ஆனது மக்கியது. மக்கிய கதவுக்குப் பூச்சிமருந்து அடித்துப் பயனில்லை, ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள்.

அடுக்களையில் பால் திரியும், பழம் அழுகும், சோறு ஊசும், ஊறுகாயில் பூசணம் பூக்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். இவற்றில் நேரடியாகக் காற்றின் ஆக்சிஜன் பண்ணுகிற வேலை எண்ணெயில்தான் அதிகம். வாயகன்ற டப்பாவில், அடுப்போரம் வைக்காதீர்கள்.

பாடப்புத்தகச் சொற்களான ஆக்சிஜனேற்றமும் அரிமானமும் வீட்டுப் பேச்சுக்கு வரவே இல்லை. ‘ஆக்சிடைஸ்டு’ மட்டும் வந்துவிட்டது, லோக்கல் ரயிலில் தட்டு நிறைய விற்கும் கறுப்பு ஜிமிக்கி வழியாக. பெயர்தான் அப்படி. வெள்ளி கருப்பது சாக்கடை வாடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடால். அந்தக் கறுப்பு சல்பைடு, ஆக்சைடு அல்ல. வெள்ளி நகையில் பட்டறைக்காரர்களும் கந்தகக் கலவையில் முக்கித்தான் அதை வரவழைக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த அத்தையோ பாட்டியோ கறுத்துப்போச்சே என்று விபூதி போட்டுத் தேய்க்கும் முன் சொல்லிவிடுங்கள், அந்தக் கறுப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கிறோம்.