இன்றும் பட்டை மஞ்சள்தான்

காலையில் எழுந்ததும் மகன் முதலில் போகிற சிறுநீரை ஒரு சின்ன டப்பாவில் பிடிக்கிறேன். அதில் சோதனைப் பட்டையை நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் கழித்து டப்பி மேலே அச்சடித்திருக்கும் நிறங்களோடு ஒட்டிப் பார்ப்பேன். மஞ்சளாக இருந்தால் புரதம் இல்லை. பச்சை ஏற ஏற ஒழுகுகிறது என்று அர்த்தம். நாற்பது பக்க நோட்டில் தேதி போட்டு எழுதிவைக்கிறேன். போன வாரம் முழுக்க அடர்பச்சை. நேற்று மஞ்சள், இன்றும் மஞ்சள்.

அவனுக்கு ஐந்து வயது, 15 கிலோ. வியாதியின் பெயர் நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம், சிறுநீரகம் புரதத்தைச் சிறுநீரில் ஒழுகவிடுவது. முதலில் கண் இமைதான் வீங்கியது. பூச்சிக்கடி என்று நினைத்தோம், பக்கத்துக் கிளினிக்கிலும் அலர்ஜி மருந்துதான் கொடுத்தார்கள். வயிறு உப்பி, டவுசர் இடுப்பில் ஏறாமல் போன பிறகு பாளையங்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கேதான் சிறுநீரைச் சோதித்தார்கள்.

ப்ரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆறு வாரம் தினமும், அப்புறம் ஆறு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். வீக்கம் வடிந்தது, ஆனால் முகம் உருண்டுபோனது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சோறு கேட்டு அழுவான். "ஸ்டீராய்டு பிள்ளையைக் கெடுத்துரும், நிறுத்திரு மதினி" என்று நாத்தனார் சொன்னாள். ஒருநாள் நிறுத்தியும் விட்டேன். டாக்டர் கோபப்படவில்லை, உட்காரவைத்து விளக்கினார். ஸ்டீராய்டைப் பல வாரம் வெளியிலிருந்து கொடுத்தால், உடம்பு அதைத் தானாகச் சுரப்பதைக் குறைத்துவிடும், சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். அந்த ஒருநாளை நினைத்தால் இன்றும் எனக்குக் கை நடுங்குகிறது.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சி, வீட்டுத்தொழில் அப்பளம். வீக்கம் இருக்கும்போது உப்பைக் குறைக்க வேண்டும். மாடியில் காயும் அப்பளத்தை அவன் கண்ணில் படாமல் அத்தை துணி போட்டு மூடுவார். "ஆச்சி, ஒண்ணே ஒண்ணு" என்று அவன் கெஞ்சும்போது அவர் அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

பங்குனியில் சளி பிடித்தபோது நோய் திரும்பியது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்ததும் காய்ச்சல், மறுபடியும் பச்சை. பட்டையில் மூன்று நாள் தொடர்ந்து 3 பிளஸ், அதாவது அடர்பச்சை, வந்தால் நோய் திரும்பிவிட்டது என்று கணக்கு. அன்றிலிருந்து ப்ரெட்னிசோலோன் தினமும் 30 மில்லிகிராம், அதாவது பத்து மில்லிகிராம் மாத்திரை மூன்று. கசப்பு தெரியாமல் இருக்க நுணுக்கி, கருப்பட்டிப் பாகில் குழைத்துக் கொடுக்கிறேன்.

ஆறு மாதத்துக்குள் இரண்டு முறை வந்துவிட்டதால் இனி ஸ்டீராய்டை மட்டும் நம்ப வேண்டாம், லெவாமிசோல் சேர்க்கலாம் என்கிறார் டாக்டர். முன்பு பூச்சி மருந்தாகக் கொடுத்தது அது. ஒருநாள் விட்டு ஒருநாள், மாதக்கணக்கில் கொடுக்க வேண்டும். வெள்ளை அணுக்கள் குறைகிறதா என்று அவ்வப்போது இரத்தம் பார்க்க வேண்டும். ஊசி என்றால் பயந்து ஒளிவான், ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். ஸ்டீராய்டு குறைந்தால் அவன் உயரமாவது ஒழுங்காக வளரும்.

மூன்று நாள் தொடர்ந்து மஞ்சளாக இருந்தால்தான் மாத்திரையைக் குறைத்துப் புது மருந்தைத் தொடங்குவார்கள். நாளைக் காலை மூன்றாம் நாள். டப்பாவைக் கழுவி ஜன்னல் ஓரம் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.