மோட்டார் ரூம் சுவரில் என் எண்

2024 ஆகஸ்ட் 20, செவ்வாய்

காலை பத்து மணிக்குக் கடை வாசலில் ஒரு டிவிஎஸ் 50 வந்து நின்றது. இடையகோட்டைப் பக்கத்துப் பெரியவர். நான்கு வருடத்துக்கு முன் அவருடைய ஏழரை எச்பி மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்தேன். வண்டியை விட்டு இறங்கும்போதே, "தம்பி, நேத்து சாயந்திரத்திலிருந்து ஆறு தடவை கூப்பிட்டேன். தொடர்பு எல்லைக்கு அப்பால்னே சொல்லுது. உனக்கு என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன்" என்றார்.

நேற்று சாயந்திரம் நான் கடையிலேதான் இருந்தேன். போன் மேசை மேல்தான் கிடந்தது. ஒரு மணிகூட அடிக்கவில்லை.

அவருக்குத் தக்காளி நாற்று நட்டு நான்கு நாள்தான் ஆகிறது. மூன்று பேஸ் கரண்டில் ஒரு பேஸ் போனது தெரியாமல் ஓடி மோட்டார் எரிந்துவிட்டது. நேற்றே பேசியிருந்தால் ராத்திரியே மோட்டாரைப் போர்வெல்லிலிருந்து ஏற்றியிருப்போம், இன்று மாலைக்குள் தண்ணீர் பாய்ந்திருக்கும். ஒரு நாள் போய்விட்டது. ஆடி முடிந்தும் இந்த வெயில் அடிக்கும்போது நாற்றுக்கு ஒரு நாள் என்பது பெரிய விஷயம்.

இந்த எண் 2006-லிருந்து என்னிடம் இருக்கிறது. எந்த மோட்டாரை முடித்துக் கொடுத்தாலும், மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் எனாமல் பெயின்டால் தேதியையும் இந்த எண்ணையும் எழுதிவிட்டுத்தான் வருவேன். ஒட்டன்சத்திரத்தைச் சுற்றி எத்தனை சுவரில் எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. போனில் பெயர் பதியத் தெரியாதவர்கள்கூட அந்தச் சுவரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்திக் கூப்பிடுகிறார்கள். அந்த எண் அடிக்கவில்லை என்றால் நான் கடையைத் திறந்து வைத்திருந்தும் பயனில்லை.

2024 ஆகஸ்ட் 21, புதன்

சிம் பழசாகிவிட்டது, அதனால்தான் இப்படி என்று நினைத்தேன். தேய்ந்தும் இருந்தது, பல வருடத்துச் சிம். கம்பெனி ஆபீசுக்குப் போய் ஆதாரைக் காட்டி, அதே எண்ணுக்குப் புது சிம் வாங்கிப் போட்டேன். மாலை வரை வைத்துப் பார்த்தேன். கடைக்கு வெளியே வேப்பமரத்தடியில் இரண்டு கோடு, உள்ளே வந்தால் ஒன்றுமில்லை. சிம் மேல் தப்பில்லை.

2024 ஆகஸ்ட் 23, வெள்ளி

வோல்டேஜ் பார்க்காமல் மோட்டாரைக் குறை சொல்லக் கூடாது என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி சொல்வார். சரி, இதையும் அளந்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

கோடுகளை நம்பிப் பயனில்லை, ஒவ்வொரு போனும் ஒவ்வொரு விதமாகக் காட்டுகிறது. ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸுக்குள் 'அபௌட் போன்', அதற்குள் 'சிம் ஸ்டேட்டஸ்' என்று போனால் சிக்னலின் அளவே டிபிஎம் கணக்கில் இருக்கிறது. எப்போதும் மைனஸில்தான் வரும். பூஜ்யத்துக்குப் பக்கத்தில் போகப் போக நல்லது. மைனஸ் 80, 90 என்றால் கவலையில்லை. மைனஸ் 110-ஐத் தாண்டினால் பேச்சு விட்டுவிட்டு வரும். இதை மகள்தான் சொல்லிக் கொடுத்தாள், பிளஸ் டூ படிக்கிறாள்.

கடைக்குள் என் போனில் மைனஸ் 117. அதே மேசையில் டீக்கடை அண்ணன் போனை வாங்கி வைத்துப் பார்த்தேன், வேறு கம்பெனி, மைனஸ் 93. மச்சினன் போன் மூன்றாவது கம்பெனி, மைனஸ் 104. வீட்டில், கடையில், கள்ளிமந்தையம் போகிற ரோட்டில் இரண்டு தோட்டத்தில் என்று எல்லா இடத்திலும் பார்த்து நோட்டில் எழுதி வைத்தேன். டீக்கடை அண்ணனுடைய கம்பெனி எல்லா இடத்திலும் மேல்.

இந்த ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெலும், அடுத்த நாள் வோடஃபோன் ஐடியாவும் கட்டணத்தை ஏற்றியதிலிருந்து ஊரில் பலர் பிஎஸ்என்எல்லுக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் நான்கு போன் வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான காரணம்தான். எனக்குக் காரணம் காசு இல்லை. மணி அடிக்க வேண்டும், அவ்வளவுதான். எண்ணை வைத்துக்கொண்டே கம்பெனியை மட்டும் மாறிவிடுவது என்று முடிவு செய்தேன்.

2024 ஆகஸ்ட் 24, சனி

போனில் ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, ஒரு இடம் விட்டு, பத்து இலக்க எண்ணையும் சேர்த்து 1900-க்கு மெசேஜ் அனுப்பினேன். கடைக்குள் சிக்னல் இல்லாததால் வேப்பமரத்தடியில் நின்று அனுப்பினேன். பதில் உடனே வந்தது. கம்பெனி மாறுவதற்கான கோட் தர முடியாதாம், சிம் மாற்றி ஏழு நாள் ஆகவில்லையாம்.

எனக்குச் சரியான கோபம். என் பணம், என் எண், என் ஆதார். நான் போகிறேன் என்றால் எதற்குத் தடுக்க வேண்டும்? இன்றுகூட இரண்டு அழைப்புகள் தவறியிருக்கின்றன. தவறியது என்று தெரிவிக்கும் மெசேஜே ராத்திரி எட்டு மணிக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

2024 ஆகஸ்ட் 25, ஞாயிறு

கடை லீவு. மகள் அந்த ஏழு நாள் விதியைத் தேடிப் படித்துச் சொன்னாள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் மார்ச் மாதம் கொண்டுவந்த திருத்தம், இந்த ஜூலை 1-லிருந்துதான் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தொலைந்த சிம்முக்கோ, கெட்டுப்போன சிம்முக்கோ பதில் சிம் வாங்கினால், அன்றிலிருந்து ஏழு நாள் முடியும் வரை மாறுவதற்கான கோட் கிடைக்காது.

ஏன் என்பதையும் அவளே விளக்கினாள். திருடன் நம் பெயரில் பொய்யாக ஒரு டூப்ளிகேட் சிம் வாங்கிவிடுகிறான். உடனே அந்த எண்ணை வேறு கம்பெனிக்கு மாற்றியும் விடுகிறான். நம் போன் செத்துப்போகும், பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும். பழைய கம்பெனியில் போய்க் கேட்டால் எண்ணே எங்களிடம் இல்லை என்பார்கள். ஏழு நாள் இடைவெளி இருந்தால், போன் ஏன் வேலை செய்யவில்லை என்று நாம் விசாரித்துக் கண்டுபிடிக்க நேரம் கிடைக்கும்.

கேட்டதும் நேற்றைய கோபம் போய்விட்டது. மனைவியின் மகளிர் குழுப் பணம்கூட என் எண் இணைத்த கணக்கில்தான் இருக்கிறது. ஏழு நாள் காத்திருப்பேன். ஆனால் புதன்கிழமை அந்தப் புது சிம்மைக் கொடுத்தபோது இந்த விதியை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சிக்னல் இல்லை என்று சொல்லித்தானே போனேன்.

2024 ஆகஸ்ட் 27, செவ்வாய்

காத்திருக்கிற நாட்களுக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். கால் ஃபார்வர்டிங் போட்டு, எனக்கு வருகிற அழைப்பெல்லாம் மச்சினன் போனுக்குப் போகும்படி வைத்து, அந்தப் போனைக் கடையில் வாங்கி வைத்திருக்கிறேன். இன்று மூன்று பேர் அதில் என்னைப் பிடித்தார்கள். முதலிலேயே தோன்றியிருந்தால் பெரியவருடைய ஒரு நாள் மிஞ்சியிருக்கும்.

இன்று மேஸ்திரியை நினைத்துக்கொண்டேன். 2008-ல் அவர் சிக்னலுக்காகக் கம்பெனி மாறினார். அப்போதெல்லாம் மாறினால் எண்ணை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். புது எண்ணைத் துண்டுச் சீட்டில் அச்சடித்து, உரக்கடை, டீக்கடை, காந்தி மார்க்கெட் கமிஷன் கடை என்று எல்லா இடத்திலும் கொடுத்தார். ஆனால் தோட்டத்துச் சுவர்களில் பழைய எண்தான் இருந்தது. ராத்திரி மோட்டார் நின்றால் சம்சாரி துண்டுச் சீட்டைத் தேடுவானா, சுவரைப் பார்ப்பானா? ஆறு மாதத்தில் பாதி வேலை வேறு ஆட்களிடம் போய்விட்டது. அவர் தொழிலில் ஒரு குறை சொல்ல முடியாது. எண் போனதால் ஆள் போனார்.

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மட்டும் மாற்றும் வசதி 2010 நவம்பர் 25-ல் முதலில் ஹரியானாவில் வந்தது. 2011 ஜனவரி 20-லிருந்து நாடு முழுக்க. வேறு மாநிலத்துக்குக் குடிபோனாலும் அதே எண் என்பது 2015 ஜூலையில் வந்தது. மேஸ்திரிக்கு மூன்று வருடம் தாமதம்.

2024 ஆகஸ்ட் 29, வியாழன்

காலையிலேயே 1900-க்கு மறுபடி அனுப்பினேன். இந்தத் தடவை கோட் வந்துவிட்டது. எட்டு எழுத்து எண் கலந்தது. முதல் இரண்டு எழுத்து பழைய கம்பெனியையும் நம் வட்டத்தையும் குறிக்குமாம்; வட்டம் என்றால் போன் சேவைக்காக நாட்டைப் பிரித்த பகுதி, ஏறக்குறைய ஒரு மாநிலம். நான்கு நாள்தான் செல்லும், அதற்குள் புதுக் கம்பெனியில் கொடுத்துவிட வேண்டும். நான் தள்ளிப்போடவில்லை, மதியமே பஸ் ஸ்டாண்டு பக்கம் உள்ள கடைக்குப் போனேன்.

ஆதார் எண், அங்கேயே ஒரு போட்டோ, அந்தக் கோட். பத்து நிமிடத்தில் முடிந்தது. கடைத் தம்பி பொறுமைசாலி, நான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னார். ஒரே வட்டத்துக்குள் மாறினால் மூன்று வேலை நாள், வேறு வட்டத்துக்கு என்றால் ஐந்து. பழைய சிம்மைக் கழற்றவே கூடாது, அதுவாக நிற்கிற வரை அதில்தான் அழைப்பு வரும். புது சிம்மை இரண்டாவது ஸ்லாட்டில் போட்டு வைக்க வேண்டும். மனம் மாறினால் 24 மணி நேரத்துக்குள் 'கேன்சல்' என்று 1900-க்கே அனுப்பலாம். ஒரு தடவை மாறிவிட்டால் 90 நாளுக்கு வேறு எங்கும் மாற முடியாது.

அந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டபோது, நோட்டில் அளந்து எழுதி வைத்தது எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். விளம்பரத்தையோ, யாரோ சொன்னதையோ நம்பி மாறியிருந்தால் மூன்று மாதம் மாட்டியிருப்பேன்.

2024 ஆகஸ்ட் 31, சனி

பழைய கம்பெனியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். தங்கிவிட்டால் சலுகை தருகிறோம் என்றார். "டவர் சரி செய்வீங்களாம்மா?" என்று கேட்டேன். புகாராகப் பதிந்துகொள்கிறேன் என்றார். பாவம், அவர் கையில் என்ன இருக்கிறது. நன்றி சொல்லி வைத்துவிட்டேன்.

84 நாள் பேக்கில் இன்னும் 31 நாள் பாக்கி இருக்கிறது. அது கூட வராது, மாறிய நிமிடத்தோடு போய்விடும். பேக் முடிகிற வாரத்தில் மாறுவதுதான் கணக்கு. ஆனால் ஒரு மோட்டார் வேலை போனால் அதைவிட அதிகம் போகும்.

இரண்டாம் தேதி ராத்திரி மாறும் என்று மெசேஜ் வந்திருக்கிறது. சுமார் நான்கு மணி நேரம் இரண்டு சிம்மும் வேலை செய்யாமல் இருக்கலாமாம். அடிக்கடி கூப்பிடுகிற பதினைந்து பேருக்கு நானே சொல்லிவிட்டேன்: திங்கள் ராத்திரி அவசரம் என்றால் மச்சினன் எண்.

2024 செப்டம்பர் 3, செவ்வாய்

தூக்கம் வரவில்லை. ஒன்றரை மணிக்குப் பார்த்தேன், பழைய சிம்மில் கோடு இல்லை. புதியதிலும் இல்லை. பதினெட்டு வருடத்தில் இந்த எண் இல்லாமல் நான் இருந்தது இதுதான் முதல் தடவை. ஐந்து மணிக்கு முன்பே மனைவி, "ஏங்க, வந்துடுச்சு பாருங்க" என்று எழுப்பினாள். போனை ஒரு தடவை அணைத்துப் போட்டேன், முழுக் கோடு நின்றது. மகள் போனிலிருந்து கூப்பிடச் சொன்னேன். வீட்டுக்குள், சமையலறையில், பின்பக்கம் தொட்டி வரை போய் நின்று பார்த்தேன். எல்லா இடத்திலும் அடித்தது.

இரண்டு சின்னச் சிக்கல். பணம் அனுப்பும் யுபிஐ ஆப், சிம் மாறியிருக்கிறது என்று திரும்பப் பதியச் சொன்னது. அது நம் போனிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். இரண்டு சிம்மும் போனில் இருந்ததால் முதல் தடவை தப்பான ஸ்லாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பழைய சிம்மைக் கழற்றியதும் சரியாகிவிட்டது. கடையில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை, காலையில் வந்த முன்பணம் சரியாக விழுந்தது. இன்னொன்று, உரக்கடைக்காரர் கூப்பிட்டால் மட்டும் மதியம் வரை எனக்கு வரவில்லை, மற்றவர்கள் கூப்பிட்டதெல்லாம் வந்தது. இரண்டு மணிக்கு மேல் அதுவும் வந்துவிட்டது.

பேங்க், கேஸ், ஆதார் எதற்கும் போய் எண்ணை மாற்ற வேண்டிய வேலை இல்லை. எண் அதேதானே. கால் ஃபார்வர்டிங் மட்டும் பழைய கம்பெனியோடு போய்விட்டது. மச்சினன் போனைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

2024 செப்டம்பர் 6, வெள்ளி

நாளை விநாயகர் சதுர்த்தி. கடையைக் கழுவிக்கொண்டிருந்தோம். உள்ளே பின்மூலையில், வார்னிஷ் உலர வைக்கும் இடத்தில், எப்போதும் ஒன்றுமே வராத இடத்தில் இருந்தபோது போன் அடித்தது. பெயர் வரவில்லை, வெறும் எண்.

"ஏனுங்க, மோட்டார் மேஸ்திரிங்களா? கள்ளிமந்தையத்துக்கு மேற்கே, 2013-ல ஒரு சப்மெர்சிபிள் கட்டிக் கொடுத்தீங்க. அப்பா காலத்துல. சுவத்துல எழுதியிருந்துச்சு, ஒரு எண் அழிஞ்சு போச்சு, மூணா எட்டான்னு தெரியலை. மூணு போட்டா யாரோ எடுத்தாங்க. எட்டு போட்டுப் பார்த்தேன்."

எட்டுதான் என்றேன். மோட்டார் முனகுகிறது, தண்ணீர் ஏறவில்லையாம். ஸ்டார்ட்டரை உடனே நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டு, வழி கேட்டு எழுதிக்கொண்டேன். கிளம்பும்போது கிளாம்ப் மீட்டரோடு பெயின்ட் டப்பாவையும் பிரஷையும் பையில் எடுத்து வைத்தேன்.