அக்ராவில் நிக்ரூமாவையும் டு பாய்ஸையும் தேடி

கானாவுக்குப் போகிறவர்களில் பலர் கேப் கோஸ்ட் அடிமைக் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் அந்தக் கரையிலிருந்து கப்பலேற்றப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் விடுதலை கேட்டு எழுந்த கதையும் தெரிய வேண்டுமென்றால், தலைநகர் அக்ராவுக்கு ஒரு முழு நாளாவது ஒதுக்குங்கள்.

கடலோரத்துக் கறுப்பு நட்சத்திரச் சதுக்கத்தில் தொடங்கினேன். வாயில் வளைவின் உச்சியில் நிற்கும் நட்சத்திரம் நாட்டின் கொடியிலும் இருக்கிறது, கால்பந்து அணியின் பெயரிலும் இருக்கிறது. அதன் வேர் அமெரிக்காவில். ஜமைக்காக்காரரான மார்கஸ் கார்வி 1919-இல் 'பிளாக் ஸ்டார் லைன்' என்று ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினார். கறுப்பின மக்கள் தாங்களே பங்கு வாங்கி நடத்திய கம்பெனி. சில ஆண்டுகளில் நொடித்துப்போனது. கார்வி ஆப்பிரிக்க மண்ணை மிதிக்காமலேயே 1940-இல் லண்டனில் இறந்தார். அவருடைய எழுத்தில் ஊறியவர் கானாவின் விடுதலைப் போராட்டத் தலைவரும் முதல் அதிபருமான குவாமே நிக்ரூமா. அவர் சுதந்திர கானாவின் அரசுக் கப்பல் கம்பெனிக்கு அதே பெயரை வைத்தார்.

அங்கிருந்து நிக்ரூமா நினைவுப் பூங்கா நடக்கிற தூரம்தான். வெள்ளைக்காரர்கள் போலோ விளையாடிய மைதானம் அது. 1957 மார்ச் 6-இல் அங்கே நின்றுதான் நிக்ரூமா விடுதலையை அறிவித்தார். ஆப்பிரிக்கா முழுவதும் விடுதலை அடையாதவரை கானாவின் சுதந்திரத்துக்குப் பொருளில்லை என்று அன்றைக்கே சொன்னார். பேருந்துகளில் கறுப்பர்களை ஒதுக்கிவைத்ததை எதிர்த்து அமெரிக்காவின் மாண்ட்கோமரியில் நடந்த போராட்டத்தில் வென்று சில மாதங்களே ஆகியிருந்த 28 வயது மார்ட்டின் லூதர் கிங், அந்த விழாவுக்கு வந்து தன்னை அறியாமல் அழுததாகப் பிறகு சொல்லியிருக்கிறார்.

நிக்ரூமாவின் பளிங்குச் சமாதியைவிட என்னை நிறுத்திவைத்தது அதற்குப் பின்னால் இருந்த அவருடைய வெண்கலச் சிலைதான். அதற்குத் தலை இல்லை. 1966 பிப்ரவரியில் நிக்ரூமா வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் சிலையை உடைத்துத் தள்ளியது. உடைந்த தலையை யாரோ ஒருவர் பத்திரப்படுத்தி வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்து அரசிடம் ஒப்படைத்தார். தலையை மீண்டும் ஒட்டவைக்காமல், தனியாக ஒரு பீடத்தில் வைத்திருக்கிறார்கள். சரியான முடிவு என்றுதான் எனக்குப் பட்டது. விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் சட்டத்தை 1958-இல் கொண்டுவந்தவரும் இதே நிக்ரூமாதான். அவரோடு சேர்ந்து போராடிய டான்குவா 1965-இல் சிறையிலேயே இறந்தார். அதையும் மறைக்கக் கூடாது. நாடு திரும்ப முடியாமல் 1972-இல் புக்கரெஸ்டில் இறந்த நிக்ரூமாவின் உடல், கினியாவிலும் பிறகு சொந்த ஊரிலும் புதைக்கப்பட்டு, 1992-இல்தான் இந்த மைதானத்துக்கு வந்து சேர்ந்தது.

அப்புறம் டாக்சி பிடித்து கன்டோன்மென்ட்ஸ் பகுதிக்குப் போனேன். மரங்களுக்கு நடுவே, அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸ் கடைசியாக வாழ்ந்த வீடு. பட்டமளிப்பு அங்கிகள், அவர் படித்த புத்தகங்கள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். கானாவின் விடுதலை விழாவுக்கு அவரும் அழைக்கப்பட்டிருந்தார். அமெரிக்க அரசு பாஸ்போர்ட் தர மறுத்துவிட்டது. 1961-இல், 93 வயதில், ஆப்பிரிக்கக் கலைக்களஞ்சியம் ஒன்றை உருவாக்க நிக்ரூமா அழைத்தபோது மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வயதில் நம் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்து ஊருக்கு அனுப்பவே யோசிப்போம்! 1963 ஆகஸ்ட் 27-இல் இங்கேயே இறந்தார். மறுநாள் அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி. லட்சக்கணக்கானோர் கூடியிருந்த மேடையில் அந்தச் செய்தியை அறிவித்தார்கள்.

அவர் கல்லறை வீட்டு வளாகத்திலேயே இருக்கிறது. வழிகாட்டிய இளைஞரிடம் அம்பேத்கரைப் பற்றிச் சொன்னேன். 1946-இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். தீண்டத்தகாதவர்களின் நிலையும் அமெரிக்கக் கறுப்பர்களின் நிலையும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லி, ஐ.நா.வுக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் பிரதியைக் கேட்டிருந்தார். டு பாய்ஸும் பதில் போட்டார். இளைஞருக்கு இது புதுச் செய்தி. கேள்வி மேல் கேள்வி கேட்டார். அரை மணி நேரம் நிழலில் நின்று சாதியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

டு பாய்ஸின் தாள்களை மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் இணையத்தில் ஏற்றிவைத்திருக்கிறது. இந்தக் கடிதங்களும் அதில் கிடைக்கும். சின்னக் கடிதங்கள்தான், கட்டாயம் படியுங்கள்.