78 மீட்டர் தப்பு

போன வருடம் ஜூனில் நான் சுட்ட, தார் என்ற மலையாட்டின் கிடா ஒன்று ராத்திரி முழுக்க அடிபட்ட காலோடு பாறை இடுக்கில் கிடந்தது. புது பைனாகுலர் எதற்கு, எந்த மாடல், அதற்குப் போய் இவ்வளவு காசா என்று கேட்ட எல்லாருக்கும் என் பதில் அந்த ராத்திரியிலிருந்துதான் தொடங்குகிறது.

நான் இருப்பது நியூசிலாந்தின் தென் தீவில், டிமாரூவில். பால் பவுடர் ஆலையில் மின் பராமரிப்பு வேலை. குளிர்காலம் வந்தால் நாலு நாள் லீவு போட்டுவிட்டு, கூட வேலை பார்க்கும் ஒரு பெரியவரோடு டெகாப்போ ஏரிக்கு மேலே இருக்கும் காட்லி பள்ளத்தாக்குக்குத் தார் வேட்டைக்குப் போவேன். துப்பாக்கி லைசென்ஸ், வனப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு எல்லாம் முறையாக உண்டு. தார் என்பது இமயமலை வரையாடு. நம்மூர் நீலகிரி வரையாட்டையும் இதையும் வெகு காலம் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள். 2005இல் மரபணுவைப் பார்த்த பிறகுதான் பிரித்தார்கள்.

நான் பொள்ளாச்சிக்காரன். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், ஒன்பதாவது வளைவில் அப்பா வண்டியை ஓரம் கட்டி வரையாடு காட்டுவார். அதனால் இங்கே வேட்டைக்குப் போகிறேன் என்று முதன்முதலில் சொன்னபோது அம்மா போனில் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "அது நம்ம மலை ஆடு மாதிரியேதானே இருக்குது சாமி?" என்றார். ஊரில் அதைத் தொட முடியாது. 1972ஆம் வருடச் சட்டம் அதற்குக் காவல். இங்கே கதை வேறு. வௌவால்களை விட்டால் தரையில் வாழும் பாலூட்டி ஒன்றுகூட இல்லாமல் இருந்த தேசம் இது. மேய்ச்சல் என்றால் என்னவென்றே தெரியாமல் வளர்ந்த மலைச்செடிகள். அங்கே 1904இல் மவுண்ட் குக் அடிவாரத்தில் தாரைக் கொண்டுவந்து விட்டார்கள், வேட்டைக்காகவே. இன்று அது பெருகி, மலை உச்சியில் கொத்துக் கொத்தாக வளரும் டஸ்ஸக் புல்லையும் பூச்செடிகளையும் தின்று மொட்டையாக்குகிறது. 1993இல் போட்ட திட்டப்படி 10,000க்கு மேல் போகக் கூடாது. அதைத் தாண்டுவதால் ஹெலிகாப்டரில் போய்ச் சுட்டுக் குறைக்கிறார்கள். நாங்கள் சுடுவதைக் கறியாக்கி வீட்டுக்கு எடுத்து வருகிறோம். அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "சரி, நோகாம பண்ணு" என்றார்.

நோகாமல் பண்ணவில்லை. அதுதான் விஷயம்.

அன்றைக்குச் சாயங்காலம் நாலே முக்கால். ஜூனில் இங்கே ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். எதிர்ச் சரிவில் பிடரி மயிர் காற்றில் பறக்க ஒரு கிடா நின்றது. என்னிடம் இருந்தது 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், 42 மில்லிமீட்டர் லென்ஸ்) சாதா பைனாகுலர், தனியாக லேசரால் தூரம் அளக்கும் ஒரு கையடக்க ரேஞ்ச்ஃபைண்டர். பைனாகுலரில் கிடாவைக் கண்டுபிடித்து, அதை நெஞ்சில் தொங்கவிட்டு, பையிலிருந்து ரேஞ்ச்ஃபைண்டரை எடுத்து, அந்தச் சின்ன வட்டத்துக்குள் திரும்பவும் கிடாவைத் தேட வேண்டும். ஒற்றைக் கையில் பிடிக்கும் கருவி. மூச்சு வாங்கியதில் ஆடியது. 262 மீட்டர் என்று காட்டியது. சரி என்று படுத்துச் சுட்டேன்.

262 அல்ல. கிடாவுக்கு முன்னால் ஒரு மேட்டின் விளிம்பில் டஸ்ஸக் புல் வளர்ந்திருந்தது. லேசர் பட்டுத் திரும்பியது அந்தப் புல்லில். மறுநாள் அதே இடத்தில் உட்கார்ந்து, கிடா நின்ற பாறையை ஐந்து தடவை அளந்தேன். 340.

78 மீட்டரில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். என் .270 ரைஃபிளை 200 மீட்டருக்குச் சரிசெய்து வைத்திருக்கிறேன். குண்டு 300 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாண் கீழே இறங்கும், 400 மீட்டரில் ஒரு முழத்துக்கும் மேலே. தூரம் கூடக் கூட இறக்கமும் வேகமாகக் கூடும். 262 என்று நம்பி நெஞ்சுக்குக் குறி வைத்த குண்டு ஒரு சாண் தாழ்ந்து முன்னங்காலில் பட்டது. கிடா நொண்டிக்கொண்டே பாறைக்குள் இறங்கியது. இருட்டிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சரிவில் ஆள் இறங்க முடியாது. குடிசையில் படுத்தும் தூக்கம் வரவில்லை. காலையில் ரத்தச் சுவட்டைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர மணி பத்தாகிவிட்டது. கிடா உயிரோடு இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. மீதியை எழுதப் போவதில்லை.

ஆகஸ்டில் கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு கடைக்குப் போனேன். பைனாகுலரும் லேசரும் ஒரே உடம்பில் இருக்கும் மாடல்களில் மூன்றை மனதில் வைத்திருந்தேன்: லைக்கா ஜியோவிட் ப்ரோ, ஸ்வரோவ்ஸ்கி ஈஎல் ரேஞ்ச், சைஸ் விக்டரி ஆர்எஃப். மூன்றும் 10×42. லைக்காவுக்கும் சைஸின் வேட்டைக் கண்ணாடிப் பிரிவுக்கும் ஜெர்மனியின் வெட்ஸ்லார்தான் சொந்த ஊர். ஸ்வரோவ்ஸ்கி ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதி. வேட்டைக்காரர்களுக்கென்று இந்த வகையை 1992இலேயே கொண்டுவந்தது லைக்கா.

கடையில் முதலில் காதில் விழுவது எண்கள்தான். லைக்கா 2,950 மீட்டர் வரை அளக்கும், சைஸ் 2,300, ஸ்வரோவ்ஸ்கி 2,000. இந்த எண்களை வைத்து யாரும் முடிவெடுக்காதீர்கள். அது பளபளப்பாக ஒளியைத் திருப்பும் பரப்புக்கான எண். ஆட்டு மயிர் ஒளியை விழுங்கும். நல்ல வெயிலில் இன்னும் குறையும். பாதிகூடக் கிடைக்காத நாள் உண்டு. அதோடு 400 மீட்டருக்கு அப்பால் நான் சுடுவதில்லை. 2,000க்கும் 2,950க்கும் உள்ள வித்தியாசம் எனக்கு எதற்கு?

நான் கேட்ட கேள்வி வேறு: லேசர் கற்றை எவ்வளவு அகலம்? ஒரு மில்லிரேடியன் அகலமான கற்றை 1,000 மீட்டரில் ஒரு மீட்டர் அகலத்துக்கு விரியும், 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர். கற்றை அகலமாக இருந்தால் ஆட்டோடு சேர்த்து முன்னால் இருக்கும் புல்லிலும் படும். முதலில் திரும்பி வரும் ஒளியைக் கருவி எடுத்துக்கொண்டால் என் 262 மாதிரிதான் ஆகும். ஒளி 300 மீட்டர் போய்த் திரும்ப இரண்டு மைக்ரோ நொடிதான். அதற்குள் வந்து சேரும் பல எதிரொளிகளில் எது ஆடு, எது புல் என்று பிரிப்பதில்தான் நல்ல கருவியின் சாமர்த்தியம் இருக்கிறது. பட்டனை அழுத்திப் பிடித்தபடி நகர்த்தினால் தூரம் மாறி மாறி வரும் ஸ்கேன் வசதியும் இதற்காகவே. 262, 264, 340, 341 என்று ஓடினால் நடுவில் ஒரு மேடு இருப்பது உடனே தெரிந்துவிடும்.

அப்புறம் கோணம். தார் வேட்டையில் சமதரை என்பதே கிடையாது. 35 பாகை சரிவில் லேசர் 380 மீட்டர் என்றால், குண்டின் இறக்கத்துக்குக் கணக்கு கிடைமட்டத் தூரமான 311தான். மூன்று மாடலுமே இதைத் தானாகப் போட்டுத் தருகின்றன. குண்டின் விவரத்தைக் கொடுத்தால், துப்பாக்கியின் குறிக்கண்ணாடியில் எத்தனை கிளிக் திருப்ப வேண்டும் என்றே சொல்லிவிடும் வசதியும் வந்துவிட்டது. ஸ்வரோவ்ஸ்கியின் புது ஈஎல் ரேஞ்சில் வேறொரு வசதி உண்டு: சுட்டபோது விலங்கு நின்ற இடத்தைக் குறித்துவைத்து, போனில் வழிகாட்டி அங்கே கூட்டிப்போகும். அதைப் படித்தபோது அந்த ராத்திரி ஞாபகம் வந்து, ஸ்வரோவ்ஸ்கியையே வாங்கிவிடலாம் என்றுகூட நினைத்தேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். "பகல் வெளிச்சத்தில் பார்த்தால் மூன்றும் ஒன்றுதான், சாயங்காலம் வாருங்கள்" என்றார். ஐந்தே காலுக்குக் கார் நிறுத்தும் இடத்தில் நின்று, தூரத்தில் இருந்த பைன் மரவரிசையின் அடிநிழலை மூன்றிலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஸ்வரோவ்ஸ்கியில் விளிம்பு வரைக்கும் படம் கூர்மை. லைக்காவில் நிறம் கொஞ்சம் வெதுவெதுப்பாக, பார்க்க சுகமாக இருந்தது. சைஸ் இரண்டுக்கும் நடுவில். லேசர் உள்ள பைனாகுலர்களில், தூரத்தைக் காட்டும் சிவப்பு எழுத்தைக் கண்ணுக்குத் திருப்பிவிடும் பூச்சு காரணமாக நிறத்தில் ஒரு சின்னச் சாயல் இருக்கலாம். சாதா பைனாகுலரோடு பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். காட்டில் நான் அதைக் கவனித்ததே இல்லை.

மங்கின வெளிச்சத்தில் முக்கியமானது அந்தச் சிவப்பு எழுத்தின் பிரகாசம். அதிகமானால் கண் கூசி, எழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஆடு மறைந்துவிடும். இதைக் கட்டாயம் இருட்டும் நேரத்தில் சோதித்துப் பாருங்கள். 32 மில்லிமீட்டர் லென்ஸ் மாடல்கள் சிறியவை, எடை குறைவு. தூக்கிப் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் 10×32இல் கண்ணுக்கு வரும் ஒளி வட்டம் 3.2 மில்லிமீட்டர், 10×42இல் 4.2. கிடாக்கள் வெளியே வருவதே கடைசி இருபது நிமிடத்தில்தான். அந்த ஒரு மில்லிமீட்டரை நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கடைசியில் வாங்கியது சைஸ். காரணம் ரொம்பச் சின்னது. நான் இடது கைக்காரன். அதன் அளக்கும் பட்டனை இடப்பக்கமோ வலப்பக்கமோ நம் வசதிக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். கையுறை போட்ட இடது ஆள்காட்டி விரல் தானாகப் போய் உட்காரும் இடத்தில் பட்டன் இருந்தது. மூக்குக் கண்ணாடியோடு பார்த்தாலும் படம் முழுசாகத் தெரிந்தது. ஆட்டைப் பார்த்துக்கொண்டே, கண்ணை எடுக்காமல், படம் ஆடாமல் அளக்க முடிகிறதா என்பதுதான் எனக்கு வேண்டியது. உங்கள் கைக்கு லைக்காவோ ஸ்வரோவ்ஸ்கியோ பொருந்தலாம். பொருந்துவதை வாங்குங்கள்.

விலை 5,000 டாலருக்கு மேல். இரண்டு வருடம் சேர்த்த ஓவர்டைம் பணம். மனைவி ரசீதைப் பார்த்துவிட்டு, "இனிமே அந்த மாதிரி ராத்திரி தூங்காம வர மாட்டீங்கன்னா சரிங்க" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள்.

இந்த ஜூனில் அதே பள்ளத்தாக்கு. பேட்டரி குளிரில் சோர்ந்துவிடும் என்பதால் உபரி சிஆர்2 ஒன்றை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வைத்திருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு கிடா. முழங்கையை முட்டியில் ஊன்றி, பட்டனைப் பிடித்தபடி மெதுவாக மேலே நகர்த்தினேன். 218, 219, பிறகு 287, 287, 288. கோணம் கழித்து 251. கீழே இருந்த மேடு தனியாக, கிடா தனியாக. ஒரே குண்டு. நின்ற இடத்திலேயே விழுந்தது. போய்ச் சேர்ந்தபோது உடம்பு இன்னும் சூடாக இருந்தது, கண்ணில் அசைவில்லை. பிடரி மயிரில் பனித்துளி பிடித்திருந்தது. பெரியவர் என் தோளில் கை வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கத்தியை எடுத்தார். பின்தொடைக் கறியை அந்த வார ஞாயிற்றுக்கிழமை மிளகு நிறையப் போட்டு வறுத்தோம்.

பழைய 8×42 பைனாகுலரில் ஒரு குறையும் இல்லை. ஊருக்குப் போன நண்பர் கையில் தம்பிக்குக் கொடுத்தனுப்பினேன். போன ஞாயிறு காலையில் ஒன்பதாவது வளைவிலிருந்து வீடியோ கால். காற்றுச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"ஏழு நிக்குதுங்ணா. ஒண்ணு குட்டி. அம்மா கையில குடுத்திருக்கேன், இருங்க."