நாலாவது சூடு: நோர்வேக்குப் புதிதாக வந்த வன்னிச் சனத்துக்கு

குளிர்காலத்தில் இலங்கை நேரம் நோர்வேக்கு நாலரை மணித்தியாலம் முந்தி. ஒஸ்லோவில் ஹொல்மன்கொல்லன் மலையில் பிற்பகல் இரண்டுக்குப் பயத்லோன், அதாவது பனியில் சறுக்கி ஓடி இடையிடையே துவக்கால் குறி சுடுகிற ஓட்டம், தொடங்கினால் கிளிநொச்சியிலும் மல்லாவியிலும் விளக்கு வைத்து முடிந்திருக்கும். வீடியோ அழைப்பில் வீட்டுச் சனம் முழுக்க வந்து நிற்கும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "தம்பி, உவங்கள் ஏன் முதுகில துவக்கோட ஓடுறாங்கள்?"

நியாயமான கேள்வி. 2009 வரை வன்னியில் இருந்தவருக்குத் துவக்கு என்றால் வேறு அர்த்தம். ஆகவே முதலில் அதையே பார்ப்போம். பயத்லோன் துவக்கு .22 அளவுச் சன்னம் போடுவது. தானாகவோ பாதித் தானியங்கியாகவோ சுடுகிற எதற்கும் அனுமதியில்லை. ஒவ்வொரு வெடிக்கும் கையால் இழுத்துத்தான் அடுத்த சன்னத்தை ஏற்றவேண்டும். சன்னம் இல்லாமல் ஆகக்குறைந்த நிறை 3.5 கிலோ. தூரத்தைப் பெருப்பித்துக் காட்டும் கண்ணாடியும் கூடாது. சுடும்போது காய்ந்த பனைமட்டை முறிகிற அளவுக்குத்தான் சத்தம். அதுவும் ஒத்துவராதவர்கள் சுடுதளத்துக்குப் பக்கத்தில் நிற்கவேண்டாம். ஏற்றப் பக்கம் போய் நின்றால் ஓட்டம் மட்டும் தெரியும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் ஓட்டத்தை நோர்வேக்காரர் ஃபெல்லஸ்ஸ்டார்ட் என்பார்கள். மற்ற ஓட்டங்களில் மணிக்கூட்டைப் பார்த்துக் கணக்குப் போடவேண்டும். இதில் முதலில் கோட்டைத் தொட்டவர்தான் வென்றவர். புதிதாகப் பார்ப்பவருக்கு இதைவிட லேசானது வேறில்லை. ஆண்களுக்கு 30 பேர், 15 கிலோமீற்றர், ஐந்து சுற்று. இடையில் நாலு தரம் சூடு: முதல் இரண்டும் படுத்தபடி, கடைசி இரண்டும் நின்றபடி. ஒவ்வொரு தரமும் ஐந்து சன்னம், ஐந்து குறி. அஞ்சலோட்டத்தில் கிடைக்கிற மூன்று உபரிச் சன்னம் இங்கே கிடையாது. தவறின ஒவ்வொரு குறிக்கும் 150 மீற்றர் தண்டனைச் சுற்று, அது தின்பது இருபது இருபத்தைந்து செக்கன். எண்ணிக்கை மறந்து ஒரு சுற்றை விட்டுவிட்டால் இரண்டு நிமிடம் சேரும்; அதோடு கதை முடிந்தது.

குறி 50 மீற்றர் தள்ளி. ஒரு தென்னை வரிசையில் முதல் மரத்தடியில் நின்று ஏழாவது மரத்தைப் பார்க்கிற தூரம். படுத்துச் சுடும்போது குறி 45 மில்லிமீற்றர், ஒரு தேசிக்காய் அளவு. நின்று சுடும்போது 115 மில்லிமீற்றர், ஒரு சிரட்டை வாய். பட்டால் கறுப்பு வட்டம் வெள்ளையாகும்.

முதற் சூட்டில் நெஞ்சில் என்ன இலக்கமோ அதே இலக்கப் பாயில்தான் படுக்கவேண்டும். அடுத்த மூன்றுக்கும் வந்து சேரும் ஒழுங்கில் பாய் கிடைக்கும். முன்னுக்கு வந்தவருக்குப் பக்கத்திலேயே அடுத்தவர் படுக்கிறார் என்பதால் அவசரத்தில் பக்கத்துப் பாய்க்காரரின் குறிக்குச் சுட்டுவிடுவதும் உண்டு. அந்த வெடி இவருக்குத் தவறியதாகவே எண்ணப்படும்.

தவறுவதற்குப் பெரிய காரணம் காற்று. ஓட்டத்துக்கு முன் எல்லாரும் கடதாசிக் குறிக்குச் சுட்டு, துவக்கில் குறி பார்க்கிற குறிகாட்டியை அந்நேரத்துக் காற்றுக்குத் திருப்பி வைத்திருப்பார்கள். பத்து நிமிடத்தில் காற்று மாறிவிடும். சுடுதளத்துச் சின்னக் கொடிகளைப் பார்த்து, குறிகாட்டியைத் திருப்புவதா, காற்று ஓயும்வரை மூச்சைப் பிடித்து நிற்பதா என்று அந்த இடத்திலேயே முடிவெடுக்கவேண்டும். களத்தில் நெல் தூற்றக் காற்றுப் பார்த்து நின்ற வன்னிக் கமக்காரருக்கு இது சொல்லிக்கொடுக்காமலே விளங்கும். சோளகம் ஒரு கணம் விழுந்து மறுகணம் எழும்புகிற மாதிரித்தான். பொறுத்தவருக்கு நெல், அவசரப்பட்டவருக்குப் பதர்.

இரண்டாவது காரணம் கால். ஏற்றத்தில் முழுப் பலத்தையும் விட்டவர் நிற்கும்போது தொடை நடுங்கும், துவக்கின் வாய் வட்டம் போடும். அனுபவசாலிகள் தளத்துக்கு வரும் கடைசித் துண்டில் வேண்டுமென்றே மெதுவாக்குவார்கள். அதைப் பார்த்து "களைச்சுப் போனான்" என்று நினைக்கவேண்டாம். வழுக்கி விழுந்தவருக்கோ குறிகாட்டிக்குள் பனி அடைந்திருக்கும். ஊதிப் பார்க்காமல் சுட்டால் ஐந்தும் எங்கேயோ போகும்.

ஆகவே கண்ணை வைக்கவேண்டியது நாலாவது சூட்டில். மூன்று நாலு பேர் ஒன்றாக ஏறி நிற்பார்கள். நாலு வட்டம் வெள்ளையாகும், ஐந்தாவதில் விரல் தயங்கும். அங்கே தவறாமல் சுட்டவர்கள் கடைசிச் சுற்றில் ஆளுக்காள் துரத்துவார்கள். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் நோர்வேயின் எமில் ஹெக்ல ஸ்வென்ட்சன் பிரான்சின் மார்ட்டின் ஃபூர்காடை வென்றது முடிவுக் கோட்டில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. 2018 பியோங்சாங்கில் அதே ஃபூர்காட் ஜெர்மனியின் சிமோன் ஷெம்பை அதே மாதிரிப் படத்தில் முந்தினார். தோற்றுப்போனேன் என்று நினைத்துச் சறுக்குக் கோலை ஓங்கி அடித்தவர் ஃபூர்காட். 2016 உலகப் போட்டியில் இதே ஹொல்மன்கொல்லனில் நோர்வேயின் ஜொஹன்னஸ் திங்னெஸ் போ வென்றதைத் திங்கட்கிழமை வேலைத்தலத்தில் எடுத்துவிட்டுப் பாருங்கள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டு மேசையில் நீங்கள் தனியாக இருக்கமாட்டீர்கள். மொழி வகுப்பைவிட இது சிலவேளை கெதியாக வேலை செய்யும்.

பிள்ளையை விளையாட்டுக் கழகத்தில் சேர்த்தால் டுக்னாட் வரும். எங்கட சிரமதானம்தான்: கோப்பி விற்பது, வாஃபிள் சுடுவது, தடத்துக் கொடி நடுவது. போகாவிட்டால் யாரும் ஏசமாட்டார்கள், ஆனால் கவனிப்பார்கள். சறுக்குப் பலகையை உடனே வாங்கவேண்டாம். பூஆ என்ற இரவல் நிலையங்களில் இலவசமாக எடுக்கலாம்.

பார்க்கப் போகிறவர்கள் ஒஸ்லோ மெற்றோ ஒன்றாம் இலக்கத்தில் ஹொல்மன்கொல்லன் தரிப்பில் இறங்குங்கள். தோலோடு ஒட்டிக் கம்பளி, பருத்தி வேண்டாம். ஏறி நடக்க வியர்த்து நனைந்தால் பிறகு அதுவே குளிரைப் பிடித்து வைக்கும். சப்பாத்து ஒரு அளவு பெரிதாக இருக்கட்டும், காலுக்குக் கீழே ஒரு ஸ்பொஞ்சுப் பாய் போடுங்கள். பிளாஸ்க்கில் பிளேன்ரீ. போனை உள் யாக்கெற்றுக்குள் உடம்புச் சூட்டிலேயே வைத்திருங்கள். மூன்றாவது சூடு முடிந்த பிறகு வெளியே எடுத்து மல்லாவிக்கு அழைத்தால் போதும். தொடக்கத்திலிருந்தே பிடித்துக்கொண்டு நின்றால் குளிரில் பற்றரி நாலாவது சூட்டுக்கு முன்னமே செத்துவிடும், பிறகு வீட்டுக்கு வந்தபின், "ஆர் வெண்டது?" என்று அங்கேயிருந்துதான் அழைப்பு வரும்.