பழைய சீட்டைக் கிழிப்பதில்லை

தாவர வகைப்பாட்டியல் படிப்பவர்களிடம் ஒரு கள நோட்டு இருக்கும். முதலில் சேகரித்த செடிக்கு 1 என்று எண் இட்டால், ஆயுள் முழுவதும் அந்த வரிசை தொடரும். ஊர் மாறினாலும் வேலை மாறினாலும் எண் மறுபடி 1-க்கு வராது. முதுகலை படிக்கும்போது, 1994-இல், ஏற்காட்டில் என் முதல் எண்ணை இட்டேன். இப்போது 2,300-ஐத் தாண்டிவிட்டது. இத்தனை காலம் இந்தப் பணியில் எப்படி நின்றீர்கள் என்று புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் கேட்கும்போது, அந்த நோட்டுகளைத்தான் எடுத்துக் காட்டத் தோன்றுகிறது.

முதல் வேலை ஒரு சுயநிதிக் கல்லூரியில். தொகுப்பூதியம்தான், மே மாதம் சம்பளம் கிடையாது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறினேன். அந்த ஆண்டுகளில் நோட்டில் நாற்பது எண்கள்கூட ஏறவில்லை. பல்கலைக்கழகத் துறைக்கு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தேன். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும் வேலைகள் வேறு என்று.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010 விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு. ஆராய்ச்சிக்குக் குறைந்தது 6 மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்றும் அதே விதிமுறை சொன்னது. அந்த ஆறு மணி நேரத்தை யாரும் கொண்டுவந்து கையில் கொடுக்க மாட்டார்கள். வினாத்தாள் தயாரிப்பு, விடைத்தாள் திருத்தும் முகாம், பாடத்திட்டக் குழு, உயர்கல்வி நிறுவனங்களைத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வரும் ஆண்டென்றால் ஒவ்வோர் அளவுகோலுக்கும் தனித்தனிக் கோப்புகள் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். இவற்றை வெட்டிவேலை என்று நான் சொல்ல மாட்டேன். விடைத்தாளை ஒழுங்காகத் திருத்துவது ஒரு பிள்ளையின் வாழ்க்கையோடு சம்பந்தப்பட்டது. ஆனால் எல்லாவற்றையும் முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு உட்காரலாம் என்று காத்திருந்தவர்கள் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. என்னைவிடக் கெட்டிக்காரர்கள் சிலர் அப்படிக் காத்திருந்தே ஓய்வுபெற்றதைப் பார்த்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

சனிக்கிழமை காலை எட்டு மணி முதல் இரண்டு மணி வரை, உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேமிக்கும் ஹெர்பேரியம் அறை என்று வைத்துக்கொண்டேன். பெரிய மானியம் எதுவும் தேவைப்படாத ஒரு கேள்வியையும் தேர்ந்தெடுத்தேன்: கொல்லிமலையில் எத்தனை வகைத் தும்பைகள் இருக்கின்றன? திட்டநிதி கிடைத்த ஆண்டில் வண்டி வைத்துப் போனோம். கிடைக்காத ஆண்டுகளில் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸிலேயே ஏறினோம். கொண்டுவந்த செடியைப் பழைய செய்தித்தாளுக்கு நடுவில் விரித்து, ஓர் இலையின் அடிப்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்து, பலகையில் இறுக்கிக் கட்ட வேண்டும். தாளைத் தினமும் மாற்ற வேண்டும். ஐப்பசி மழையில் இரண்டு வேளையும் மாற்ற வேண்டும். ஒருநாள் மறந்தாலும் பூ கறுத்துப் பூஞ்சணம் பிடித்துவிடும். என் மகளின் பள்ளி நாட்களில் எங்கள் வீட்டுக் கூடம் முழுக்க அந்த ஈரக் காகித வாடைதான்.

2011-இல் அந்த வேலையிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. கொல்லிமலையில் அதுவரை பதிவாகாத ஒரு தும்பை இனம் என்று, கள எண் 1146-ஐச் சான்றாகக் காட்டி எழுதியிருந்தேன். நடுவர்கள் பார்த்து ஏற்ற இதழ் என்பதால், பதவி உயர்வுக்கான அன்றைய கணக்கில் அதற்கு 15 புள்ளிகள்.

மூன்று ஆண்டுகள் கழித்து, ஓர் எம்.ஃபில். மாணவி 1146-ஆம் எண் செடியை ஒட்டிய தாளிலிருந்து உதிர்ந்திருந்த ஒரு பூவை வெந்நீரில் ஊறவைத்து நுண்ணோக்கியின் கீழ் பிரித்துக்கொண்டிருந்தாள். என் மேசைக்கு வந்து நின்றாள். வெகுநேரம் பேசவில்லை.

“மேடம், புல்லிக்குழலின் வாய் நேராக இல்லை. சாய்ந்திருக்கிறது. நான்தான் தவறாகப் பார்க்கிறேனோ என்று மூன்று பூவைப் பிரித்துவிட்டேன்.”

பூவின் அடியைச் சுற்றியிருக்கும் பச்சைக் குழல்தான் புல்லிக்குழல். தும்பையில் அதன் வாய் நேராக வெட்டியதுபோல் இருக்கிறதா, ஒருபக்கம் சாய்ந்திருக்கிறதா என்பது இனங்களைப் பிரிக்கும் முக்கியமான அடையாளம். காய்ந்து நசுங்கிய பூவை நான் லென்ஸில் மட்டும் பார்த்து எழுதியிருக்கிறேன். நானும் ஒரு பூவை ஊறவைத்தேன். சாய்ந்துதான் இருந்தது. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூலைப் புரட்டினோம். அந்த வாரமே கோயம்புத்தூருக்குப் போய், இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து பழைய தாள்களோடு ஒப்பிட்டோம். எங்கள் செடி சாலையோரத்தில் எங்கும் முளைக்கிற சாதாரணத் தும்பை. மலைக் குளிரில் கொஞ்சம் உருமாறி வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்போது என் பதவி உயர்வுக் கோப்பு அலுவலகத்தில் இருந்தது. அந்தப் பதினைந்து புள்ளிகளும் அதில் இருந்தன. “நேர்காணல் முடியட்டும், பிறகு திருத்தம் அனுப்பிக்கொள்ளலாம்” என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். என் மேல் இருந்த அக்கறையில்தான் சொன்னார். இரண்டு இரவுகள் தூக்கமில்லை. நான் பயந்தது புள்ளிகளுக்காக மட்டுமல்ல. அந்தப் பெண் தினமும் எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தாள். நான் தள்ளிப்போட்டால் அவள் என்னிடமிருந்து எதைக் கற்றுக்கொண்டு போவாள் என்பதுதான் உறுத்தியது. திங்கட்கிழமை இதழுக்குத் திருத்தத்தை அனுப்பினேன். கோப்பிலிருந்து அந்தக் கட்டுரையை நீக்கும்படி கடிதமும் கொடுத்தேன். பதவி உயர்வு ஓர் ஆண்டு தள்ளிப்போனது. வீட்டுக்கடன் இருந்த காலம் என்பதால் அது சுலபமாக இல்லை.

பத்து நாளில் வெளியிட்டுத் தருகிறோம், பணம் மட்டும் கட்டுங்கள் என்று இன்று தினமும் மின்னஞ்சல் வருகிறது. நெருக்கடியில் இருக்கும் இளைஞர்கள் கட்டிவிடுகிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு மனம் வருவதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து 1146-ஆம் தாளை எடுத்துக் காட்டுகிறேன்.

ஹெர்பேரியத்தில் ஒரு பெயர் தவறென்று தெரிந்தால் பழைய சீட்டைக் கிழிப்பதில்லை. அதை அப்படியே விட்டு, பக்கத்தில் சரியான பெயரும் கண்டறிந்தவர் பெயரும் தேதியும் எழுதிய சிறு சீட்டை ஒட்டுவோம். அன்று அந்தச் சீட்டை நானே எழுத உட்கார்ந்தேன். பிறகு பேனாவை அவளிடம் கொடுத்தேன். தாளின் கீழே என் கையெழுத்தில் பழைய பெயர் இருக்கிறது. அதற்கு மேலே, கொஞ்சம் நடுங்கிய எழுத்தில், அவள் எழுதிய பெயர்.